மூன்றாவது அட்டை

பிரேசர் டவுன், பெங்களூரு
9 டிசம்பர் 2023

திரு. ரவிக்குமார் அவர்களுக்கு,

நான் மனோரஞ்சிதம் அம்மாளின் மகள் சரளா. ஜெயசீலனின் அக்கா. என்னைப் பற்றி வேறெதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சு குழறுகிறது, கூடவே இருப்பவர்களுக்குத்தான் புரியும். பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். இனி அவரால் உங்களுக்கு எழுத முடியாது. இதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

நானாக எழுதவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்த்ததும் அம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "ரவிக்கு லெட்டர் போட்டியா? பதில் வரலன்னா பயந்துருவான்." பத்து நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். நான் பயந்தேனா என்று அவர் கேட்கவில்லை.

அம்மா உங்களை மன்னித்துவிட்டதாகச் சபையில் எழுந்து நின்று சொன்னது எனக்குத் தெரியும். மமதா சிஸ்டரின் சிறை ஊழியக் குழுவிடம் மாதாமாதம் சோப்பும் பிஸ்கட்டும் கொடுத்தனுப்புவதும் தெரியும். கடிதங்கள் தெரியாது. போன வாரம் மாத்திரைச் சீட்டைத் தேடியபோது தையல் மெஷின் டிராயரில் அவற்றைப் பார்த்தேன். ஒன்பது வருடக் கடிதங்கள், நூல் கட்டி, தேதி வாரியாக. எல்லாமே 'அன்புள்ள அம்மா' என்று தொடங்குகின்றன.

என் அம்மாவுக்கு ஒரே மகன். அவன் இப்போது அந்த வார்த்தையைச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறான். அவன் இல்லாத காரணத்தால் அந்த வார்த்தை உங்களுக்கு வந்துவிடாது. இனி அப்படி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரளா


மத்தியச் சிறை, பரப்பன அக்ரஹாரா
21 டிசம்பர் 2023

மரியாதைக்குரிய சரளா அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கவாதம் என்ற வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கேட்டேன். "லக்வா" என்றார்கள்.

இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறார்களா? முழங்கால் வலிக்குத் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துக்கொள்வார்களே, இப்போது யார் தேய்த்துவிடுகிறார்கள்? கேட்கிற உரிமை எனக்கு இல்லை. தெரிந்துபோனதால் கேட்கிறேன்.

நீங்கள் சொன்ன வார்த்தையைப் பற்றி. முதல் கடிதத்தில் 'மேடம்' என்றுதான் எழுதினேன். அப்போது தமிழ் எழுத்து வராது, நான் ஒன்பதாவது வரைக்கும் கன்னட மீடியம். தமிழைக் கன்னட எழுத்தில் எழுதினேன். "நான் உனக்கு மேடம் இல்லை. கூப்பிடத் தெரியாவிட்டால் எதுவும் கூப்பிடாதே" என்று பதில் வந்தது. ஆறு மாதம் எதுவும் போடாமலே எழுதினேன். அப்புறம் ஒருநாள் கை தானாக எழுதிவிட்டது. உங்களுக்கு எழுதும்போது இனி 'உங்கள் அம்மா' என்றே எழுதுகிறேன். ஜெபத்தில் வருவதை மட்டும் என்னால் நிறுத்த முடியுமா தெரியவில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு ஜனவரியும் அவர்களிடமிருந்து எனக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை வரும். ஒன்பது வந்திருக்கிறது. சோற்றுப் பருக்கையைத் தடவிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கூட இருக்கும் மஞ்சுநாத், "இன்னும் நாலு வந்தா போதும் மச்சா, செவுத்துக்குச் சுண்ணாம்பே வேணாம்" என்று கிண்டல் செய்வான். இந்த வருஷம் வராது என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் அதற்காகச் சிரமப்பட வேண்டாம்.

கோபம் வந்தால் உங்களுக்குத் தலைவலி வரும் என்று உங்கள் அம்மா எழுதியிருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ரவிக்குமார்


பிரேசர் டவுன்
3 ஜனவரி 2024

திரு. ரவிக்குமார் அவர்களுக்கு,

என் தலைவலியைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள்.

அட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலய வாசலில் ஒரு தாம்பாளத்தில் வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை எடுக்கலாம். எடுத்தது எதுவோ அது அந்த வருடம் ஆண்டவர் நமக்குக் கொடுக்கும் வாக்கு. அம்மா எப்போதும் மூன்று எடுப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவது சீலனுக்கு என்று நினைத்திருந்தேன். இறந்த பிள்ளைக்கு எந்த வாக்கு பலிக்கப்போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பது வருடமாக, அந்த மூன்றாவது அட்டையை அவர் கைப்பைக்குள் வைக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பி அழுகையை அடக்கியிருக்கிறேன். அது உங்கள் சுவருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, சோற்றுப் பருக்கை தடவ.

இந்த வருடமும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். தாம்பாளத்தைப் பிடித்திருந்த கமிட்டிக்காரர் குனிந்து, "ரெண்டு பேர்தானேம்மா?" என்றார்.

"மூணு பேர்" என்றார் அம்மா. அன்றைக்குப் பார்த்து அந்தச் சொல் குழறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இடது கையால் அட்டையை என்னிடம் நீட்டினார். "அனுப்பிடு."

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதடி. பேஜார் பண்ணாத."

நான் அனுப்பவில்லை. சீலன் படத்தின் சட்டத்தில் செருகிவைத்திருக்கிறேன். அதுதான் அதன் இடம்.

உங்களிடம் இதைச் சொல்லக் கூடாது. ஆனாலும் இந்த ஊரில் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நான் பி.யு. காலேஜில் தாவரவியல் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறேன். தவக்காலத்தில் நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன், அம்மாவைத் தனியே விடக் கூடாது என்று. இதில் எதற்காகவும் என் அம்மா என்னைக் கட்டிப்பிடித்ததில்லை. கட்டிப்பிடிக்கக் காரணம் வேண்டுமல்லவா? நான் எங்கும் போகவில்லை. அதனால் திரும்பி வரவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமல்போன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்னேஹா என்று ஆறு வயதுப் பெண். கையைத் தூக்கி, "மிஸ், மத்த ஆட்டையெல்லாம் அப்ப யாரு பாத்துக்கிட்டாங்க?" என்றாள். எல்லாக் குழந்தைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

'தகுதியற்ற எங்களை' என்று ஒவ்வொரு ஞாயிறும் ஜெபத்தில் எல்லோரோடும் சேர்ந்து சொல்கிறேன். மனதுக்குள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நான் என்ன செய்தேன்? நீங்கள் ஒரு மனிதனைக் கொன்றீர்கள். உங்களுக்கு ஒன்பது வருடக் கடிதம், அட்டை, 'கண்ணு' என்ற சொல். ஆம், உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டேன். "நீங்க என்னைக் கண்ணுன்னு எழுதினத நாலு தடவ படிச்சேன்" என்று ஒன்றில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயது நாற்பத்தேழு. என்னை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சரளா


மத்தியச் சிறை
24 ஜனவரி 2024

சரளா அக்காவுக்கு,

அட்டை அவர் படத்தில் இருக்கட்டும். அது சரிதான்.

அவர் பெயரை இதுவரைக்கும் நான் எழுதியதே இல்லை. உங்கள் அம்மாவுக்கு எழுதும்போதுகூட 'அவர்' என்றுதான் எழுதுவேன். உங்கள் கடிதத்தைப் பார்த்து இப்போது எழுதுகிறேன். சீலன். காக்ஸ் டவுன் மார்க்கெட் முன்னால் அவர் ஸ்கூட்டர் என் லகேஜ் ஆட்டோவை உரசியது. பெயிண்ட்கூடப் போகவில்லை. "சாரி பாஸ்" என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் அக்கா காரணம். கோர்ட்டில் வக்கீல் வேறு என்னென்னவோ சொன்னார். ஜாக்கி ராடு சீட்டுக்குக் கீழேயே இருந்தது. எனக்கு இருபத்தொரு வயது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

இதை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்காததை நான் பறித்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கே அப்படித்தான் தோன்றும். ஒருதடவை உங்கள் அம்மாவுக்கு, "எனக்குத் தகுதியில்ல, நிறுத்திடுங்க" என்று எழுதினேன். "தகுதி பார்த்துக் கொடுத்தா அதுக்குப் பேரு கூலி. நான் உனக்குக் கூலியா குடுக்கறேன்?" என்று திட்டி பதில் வந்தது.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்ல வேண்டும். பதினாலு வருஷம் முடித்தவர்களில் நன்னடத்தை உள்ளவர்களை விடுவிக்கப் பட்டியல் போடுகிறார்கள். என் பெயர் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு அதிகாரி உங்கள் வீட்டுக்கு வந்து கேட்பார். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அதில் தப்பே இல்லை. நைனா, அதாவது என் அப்பா கிருஷ்ணப்பா, ஸ்ரீராம்புரம் வீட்டில் எனக்காக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாராம். "ஆர்டர் வரல, கட்டில் வந்துடுச்சு" என்று தங்கச்சி ஷில்பா சிரிக்கிறாள்.

உங்கள் அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

ரவிக்குமார்


மத்தியச் சிறை
16 மார்ச் 2024

சரளா அக்காவுக்கு,

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. ஆபீசில் கேட்டேன். இறந்தவரின் தாயாருக்குச் சம்மதம் இல்லை என்று எழுதியிருக்கிறதாம்.

உங்கள் அம்மாவா சொன்னார்கள்?

சொல்லியிருந்தால் அது அவர்கள் உரிமை. முன்னாலேயே அப்படி எழுதியும் இருந்தேன். எழுதும்போது தைரியமாகத்தான் இருந்தது. இப்போது வேறு மாதிரி இருக்கிறது. வெளியே விடாததுகூடப் பரவாயில்லை. இந்த ஒன்பது வருஷமும் என்ன என்றுதான் புரியவில்லை. ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று மமதா சிஸ்டர் நூறு தடவை சொன்னார்கள். நான் நம்பியது அதனால் இல்லை. அந்த அம்மாவால் முடிகிறதென்றால் ஆண்டவராலும் முடியும் என்றுதான் நம்பினேன். அவர்களுக்கே மனசு வரவில்லை என்றால் அவருக்கு எங்கே வரும்?

சுவரில் இருந்த அட்டைகளை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகவில்லை. மஞ்சுநாத்கூட ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை.

நிஜத்தை மட்டும் எழுதுங்கள். போதும்.

ரவிக்குமார்


பிரேசர் டவுன்
1 ஏப்ரல் 2024

ரவிக்குமாருக்கு,

அம்மா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

பிப்ரவரி ஏழாம் தேதி அந்த அதிகாரி வந்தார். அம்மா பிசியோதெரபிக்குப் போயிருந்தார். வீட்டில் உட்கார்ந்து காலேஜ் தேர்வுத்தாள் திருத்த வேண்டியிருந்ததால் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கோமளம் ஆன்ட்டி கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரமே அம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "யாராச்சும் வந்து கேட்டா, சம்மதம்னு சொல்லிடு. கைரேகை வெக்கறேன்." அதிகாரி கன்னடத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். அம்மா வரும்வரை இருக்கட்டுமா என்றும் கேட்டார். நான் அவருக்குக் காபி கொடுத்தேன். "அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. அவரால் பேச முடியாது, அதனால் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. சீலனுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். சீலனை நான் அப்போது நினைக்கவேயில்லை. நீங்கள் வெளியே வந்து, எங்கள் கேட்டைத் திறந்து, அம்மாவின் கட்டிலருகே உட்காருவதைத்தான் நினைத்தேன்.

அன்று முழுவதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் மார்ச் கடிதம் வந்த பிறகும் ஒரு வாரம் சும்மா இருந்தேன். புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன் அன்று போதகர் அம்மாவுக்குத் திருவிருந்து அப்பம் கொடுக்க வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என்னால் கை நீட்ட முடியவில்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், வாங்கக் கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல் யார் யாருக்கோ உரியது என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் போன பிறகு அம்மா கேட்டார்: "ஏன்டி?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

அம்மா அடிக்கத்தான் கையை ஓங்கினார். இடது கைக்கு இன்னும் குறி சரியாக வரவில்லை. என் கன்னத்தில் வந்து விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. அடியா தடவலா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அப்புறம், "மூஞ்சக் கழுவிக்கிட்டு வா கண்ணு. சாப்புடலாம்" என்றார்.

நான் ஏங்கிய சொல் அது. இப்படித்தான் வந்தது. மன்னிக்கப்படுவது இனிப்பான ஒன்று என்று நினைத்து உங்கள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். தொண்டையில் இறங்கவே இல்லை. இத்தனை கூசும் என்று உங்கள் கடிதங்களில் ஒன்றில்கூட நீங்கள் எழுதவில்லையே.

சனிக்கிழமை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் கைரேகையோடு சம்மதக் கடிதத்தையும் கொடுத்தேன். அடுத்த பட்டியலில்தான் பார்க்க முடியும், அதற்கு நவம்பரில் திரும்ப விசாரணை நடக்கும் என்றார். என்மேல் என்ன நடவடிக்கை என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்களாம்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எனக்குப் பழக்கமில்லை.

சரளா


மத்தியச் சிறை
20 ஏப்ரல் 2024

சரளா மேடம்,

கடிதம் கிடைத்தது.

சூப்பரின்டெண்ட் சார் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார். பொய் வாக்குமூலத்தால் பாதிக்கப்பட்டவன் நான் என்பதால் நான் புகார் கொடுக்கலாமாம். கொடுத்தால் உங்கள் காலேஜ் வேலை போனாலும் போகும் என்றார். தாள் என்னிடம் இருக்கிறது.

நைனாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆர்டர் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு எழுபத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டில் பெட்ஷீட்டைத் துவைத்துப் போடுகிறாராம்.

நான் மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் வாங்கினவன், கொடுக்க வேண்டும். வாய் வரமாட்டேன் என்கிறது. நான் செய்ததோடு பார்த்தால் நீங்கள் செய்தது ஒன்றுமே இல்லை. அப்படிச் சொல்லியும் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் அம்மா எப்படிச் செய்தார்கள் என்றே தெரியவில்லை.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள்.

ரவிக்குமார்


பிரேசர் டவுன்
9 ஜூன் 2024

ரவிக்குமாருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஏழு வாரம் பொறுத்தேன். இது என் கடிதம் இல்லை, பாதிக்கு மேல் அம்மாவுடையது. நீங்கள் கேட்டிருந்த கேள்வியை அவரிடம் கேட்டேன். "எப்படிம்மா மன்னிச்ச அவன?" பீரோவின் கீழ்த்தட்டைக் காட்டினார். புடவைகளுக்கு அடியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. உங்களுக்கு எழுதி அனுப்பாத கடிதங்கள். முதல் கடிதம் உங்களுக்கு வந்தது 2014 நவம்பரில். நோட்டு தொடங்குவது 2010-இல். சில இடங்களை இங்கே படியெடுத்திருக்கிறேன், அம்மா அனுமதித்தார்.

செப்டம்பர் 2010: "ரவிக்குமார், இன்று உன்னைப் பெற்றவள் உனக்குச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பாள். நான் யாருக்குக் கட்டுவேன்? உன் கை அழுகட்டும். நான் உயிரோடு இருந்து அதைப் பார்க்கட்டும்."

ஏப்ரல் 2011: "போதகர் மன்னிக்கச் சொல்கிறார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்."

2012 முழுவதும் ஒரே ஒரு பக்கம். உங்கள் பெயரை எழுதி அடித்திருக்கிறார். தாள் கிழிந்திருக்கிறது.

டிசம்பர் 2013: "இன்று ஆலயத்தில் எழுந்து நின்று அவனை மன்னித்துவிட்டேன் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். நான் சொன்னது பொய். பொய்யை உம்முடைய வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன் ஆண்டவரே, இனி நீர்தான் அதை நிஜமாக்க வேண்டும்."

மே 2014: "இன்று அவனுக்காக ஜெபிக்க உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் முடிந்தது. அப்புறம் சீலனுடைய சட்டை ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்."

அந்தச் சாட்சி நாளில் நானும் அழுதவர்களில் ஒருத்தி. என் அம்மா பரிசுத்தவாட்டி என்று பயந்துபோய், அதற்குப் பிறகு என் மனதில் இருந்த எதையும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் என்னைப் போலவே புகைந்துகொண்டு இருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி என்னைப் பற்றியது: "சரளாவிடம் சொல்லத் தைரியமில்லை. நானும் கோபத்தை விட்டுவிட்டால் சீலன் பக்கம் அவள் ஒருத்திதான் நிற்பாள். பாவம், அவளைத் தனியாக நிறுத்திவிட்டேன்."

உங்களுக்கு ஒன்பது வருடம். எனக்கு ஒரு வரி. அதையும் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் நாலு தடவை படித்ததைப் போல.

சீலன் படத்திலிருந்து அட்டையை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உங்களைச் சமாதானப்படுத்த இல்லை. அம்மா அதை உங்களுக்காக எடுத்தார்; நான் திருடி வைத்திருந்தேன். அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பிரின்சிபாலிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சரளா


மத்தியச் சிறை
4 ஆகஸ்ட் 2024

நான்கு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இப்படியே எழுதுகிறேன்.

அம்மாவுடைய பக்கங்களை மஞ்சுநாத்துக்கும் படித்துக் காட்டினேன். கை அழுகட்டும் என்ற இடத்தில் அவன், "இதான்டா அம்மா" என்றான். எனக்கு அது வந்த நாளிலிருந்து ஒரு மாதிரி நிம்மதி. அவர்கள் என்னைச் சபித்ததைப் படித்த பிறகுதான், மன்னித்ததை முழுசாக நம்ப முடிகிறது. அதற்கு முன்னால் அவர்கள் வேறு மாதிரி மனுஷி, அவர்களுக்கு அது லேசு என்று நினைத்திருந்தேன்.

கோபம் போகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கண் திறந்தால் கட்டில்தான் ஞாபகம் வருகிறது. நைனா காத்திருந்து அலுத்துப்போய், ஷில்பாவை அதில் துணி மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு உங்கள்மேல் வந்த கோபம் ஏப்ரலில் வந்ததைவிட அதிகம். உங்களுக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஐந்து நிமிஷம்கூட வருவதில்லை. ஒரு நிமிஷம் வருகிறது. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

போன வாரம் சூப்பரின்டெண்ட் சார் ரவுண்ட்ஸில் நின்று, "ஏனப்பா, கம்ப்ளெய்ன்ட் எழுதினியா இல்லையா? தேதி முடியப்போகுது" என்றார்.

"இல்ல சார், வேணாம்" என்றேன்.

"ஏன்?"

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. "வீட்டு விஷயம் சார்."

"எந்த வீடு?" என்று கேட்டார்.

தலையைக் குனித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தாள் இன்னும் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கே இது என்ன என்று தெரியவில்லை.

ரவிக்குமார்


பிரேசர் டவுன்
12 ஆகஸ்ட் 2024

ரவிக்குமாருக்கு,

அவர் மறுபடி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: எண் 22, தேர்ட் கிராஸ், பிரேசர் டவுன். பேக்கரிக்கு எதிர்ச் சந்து. பச்சை கேட், தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகியிருக்கும், தூக்கித் தள்ள வேண்டும்.

நவம்பரில் அதிகாரி வரும்போது அம்மாவே பேசுவார். தினமும் ஒத்திகை நடக்கிறது. 'சம்மதம்' என்ற சொல்லில் 'ச' மட்டும் இன்னும் வழுக்குகிறது. "இந்தத் தடவ உன்ன நம்பி உட்டா ஆவாது" என்று என்னிடமே சொல்லிச் சிரிக்கிறார். நானும் அந்த அறையில்தான் இருப்பேன், வாயை மூடிக்கொண்டு.

நீங்கள் வருவதைப் பற்றிச் சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சீலனுடைய அறையைத் திறக்க எனக்கு இன்னும் மனமில்லை. அதைப் பார்க்கக் கேட்காதீர்கள். அவனைப் பற்றி அம்மாவோடு நீங்கள் பேசுவதை நான் கேட்க நேர்ந்தால் எழுந்து போய்விடுவேன். தப்பாக நினைக்க வேண்டாம். முதலில் நைனாவைப் பார்க்கப் போங்கள், அந்தக் கட்டிலில் ஒரு வாரம் தூங்குங்கள். அப்புறம் இங்கே வாருங்கள்.

அம்மா அதற்குள் சமையலையே முடிவு செய்துவிட்டார். கோழிக்குழம்பு, தேங்காய் அரைத்து விட்டு. எனக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளாது என்று நாற்பது வருடமாக இந்த வீட்டில் குழம்புக்கு அரைப்பதில்லை. "அவனுக்கு அப்படித்தான் புடிக்கும்" என்று உங்களைச் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது. போகப்போகச் சரியாகிவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பெரிய கறித்துண்டை உங்களுக்குத்தான் போடச் சொல்வார். அவருக்குக் கை வராது. எடுத்துப் போட வேண்டியவள் நான்தான்.

சரளா